மகளுக்கு முதல் துப்பாக்கி

ரேஞ்சுக்குப் போய் வந்த மகள், "அப்பா, எனக்கொரு ரைபிள்!" என்கிறாள். குமாஸ்தா தகப்பனார் பி.எப். கடனுக்கு மனு எழுதத் தொடங்குகிறார். கொஞ்சம் பொறுக்கலாம்!

செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் ஆசையே வேண்டாம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் அது பொதுவாகக் கட்டுப்படுத்தப்பட்ட ரகம். ஏர் ரைபிளுக்கோ, குழல் 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்கு மேற்படாவிட்டால் லைசென்ஸ் தேவையில்லை. இந்த விவரத்தைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் ஏர் ரைபிளில்தான்.

குழலை மடக்கி இறுக்கும் ஸ்பிரிங் துப்பாக்கி மலிவு. ஆனால் சுடும்போது உதறும். அழுத்தக் காற்றில் இயங்கும் பந்தயத் துப்பாக்கி அப்படி உதறாது. விலையோ பல மாதச் சம்பளம். துப்பாக்கி கொடுத்துப் பழக்கும் கிளப்புகள் உண்டு. சில மாதம் அங்கே பழகட்டும். பிறகு கட்டை தோளுக்குப் பொருந்துகிறதா என்று மகளையே பிடிக்கச் சொல்லிப் பார்த்து வாங்கலாம்.

குண்டுச் செலவு மாதா மாதம் உண்டு. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.