ஊர்ப் பள்ளியும் வீட்டு வரியும்

ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துதற்கு வேண்டிய பொருளைக் கொடுத்தற்குரியார் யாவர்? கற்கும் பிள்ளையின் பெற்றோரா, கொடைவள்ளல்களா, ஊரவர் அனைவருமா, அன்றி அரசினரா? எளியது போலத் தோன்றும் இவ்வினா நம் பிள்ளைகளின் நல்வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையதாகும்.

சில ஆண்டுகளின் முன், கொட்டாஞ்சேனையிலே யான் கற்பித்த பாடசாலையொன்றின் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் குறிப்பிடல் தகும். மாரிக்காலத்தில் வகுப்பறையொன்றின் கூரை ஒழுகிற்று. இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஓரறையில் நெருக்கி இருத்திப் பாடம் நடத்தினோம். கூரையைத் திருத்துதற்குப் பெற்றோர் பிள்ளைக்கு இவ்வளவென்று பணந்தரல் வேண்டுமெனக் கூட்டத்திலே தீர்மானமாயிற்று. அப்பொழுது, இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்குந் தாயொருவர் எழுந்து, "சேர், மூன்று பிள்ளையென்றபடியால் நான் மூன்று பங்கு தரவேணும். பள்ளிக்கு முன்னால் மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர் ஒன்றுந் தரத் தேவையில்லையோ?" என்று கேட்டார். அவருக்கு விடை கூற அன்று என்னால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் நாட்டிலே பள்ளிகள் எவ்வாறு வளர்ந்தன என்பதை முதலில் நோக்குவாம். 1816ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் ஊர்தோறும் பள்ளிகளைத் தாபித்தது. ஆறுமுக நாவலர் அவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். கொழும்பிலே 1902இல் விவேகானந்த சபை தோன்றிக் கல்விப் பணியை மேற்கொண்டது. பொருளுள்ளார் பொன்னும் நிலமும் கொடுத்தனர். இல்லாதார் உழைப்பைக் கொடுத்தனர். இக்கொடைகளோடு அரசினரின் உதவி நன்கொடையுஞ் சேர்ந்தே பள்ளிகள் நடைபெற்றன.

ஊராட்சியின் கையிலே பள்ளியை ஒப்படைக்கும் எண்ணமும் இங்கே தோன்றாமலில்லை. 1906ஆம் ஆண்டின் நகரப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தாய்மொழிக் கல்விக்கு ஆவன செய்தலை நகராட்சி மன்றங்களின் கடமையாக்க முயன்றது. ஆயின், பின்வந்த சட்டங்களால் அப்பொறுப்புப் படிப்படியாக நடுவண் அரசைச் சேர்ந்தது. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலன அரசுடைமையாயின. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின்னர், தேசிய பாடசாலைகள் கல்வியமைச்சின் கீழும் ஏனையவை மாகாண சபைகளின் கீழும் உள்ளன. ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் அரசினரால் வழங்கப்படுகின்றன. ஆனால், ஒழுகுங் கூரைக்கும் உடைந்த மேசைக்கும் பலவிடங்களிற் பெற்றோரே பணந்தர வேண்டியவராகின்றனர்.

இனி, வீட்டு வரியின் இயல்பை ஆராய்வாம். யாழ்ப்பாணத்தார் சோலைவரி என்றும், சட்ட நூலார் மதிப்பீட்டு வரி என்றும் கூறுவது இதுவே. ஓர் ஆதனத்தை வாடகைக்கு விட்டால் ஓராண்டிற் பெறக்கூடிய தொகை ஆண்டுப் பெறுமதி எனப்படும். அதன்மீது நூற்றுக்கு இவ்வளவென்று மாநகரசபை வரி விதிக்கும். 1865இல் தோன்றிய கொழும்பு மாநகரசபை இவ்வருவாயைக் கொண்டு வீதி, வடிகால், தெருவிளக்கு, துப்புரவு, நூலகம் முதலியவற்றைப் பேணுகின்றது. பொதுப் பாடசாலைகள் அதன் பொறுப்பில் இல்லை.

பிற நாடுகளில் இவ்வரிக்கும் பள்ளிக்கும் நெடுநாளைய உறவுண்டு. அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் குடியேற்றத்தார் 1647ஆம் ஆண்டிலேயே, ஐம்பது குடும்பமுள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்தல் வேண்டுமென்று சட்டஞ்செய்தனர். இங்கிலாந்திலே 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த கல்விச் சபைகள், ஊர் வரியின் துணைகொண்டு பள்ளிகளைக் கட்டின. அயலிலுள்ள தமிழகத்திலும், 1920ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்க வழிசெய்தது. அவ்வாண்டிலேயே, தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தனது பள்ளியில் மதிய உணவளிக்கத் தொடங்கியமை நினைக்கத்தக்கது. தன் பள்ளியென்ற உரிமை இருந்தமையாலன்றோ, பிள்ளையின் பசியும் அம்மன்றத்தின் கண்ணிற் பட்டது!

பிள்ளையில்லாதவனும் பள்ளிக்கு வரி கொடுப்பது நீதியாகுமா எனச் சிலர் வினவுவர். தெருவிளக்கின் ஒளி, அதற்கு வரி கொடுத்தவனுக்கு மட்டுமா உதவுகின்றது? கற்ற இளைஞர் வாழுந் தெருவிலே கடைக்காரனுக்குக் கணக்கெழுத ஆள் கிடைக்கும். நோயாளிக்கு மருந்துச் சீட்டு வாசிக்க ஆள் கிடைக்கும். அன்றியும், நம் நாட்டில் முதலாந் தர அனுமதிக்குப் பாடசாலையிலிருந்து வீட்டின் தொலைவு முக்கியமான அளவுகோலாக உள்ளது. ஆதலின், பெயர்பெற்ற பாடசாலையின் அயலிலே காணி விலையும் வாடகையும் ஏறுகின்றன. பள்ளியால் ஆதனம் பெறும் பயனில் ஒரு சிறு பங்கைப் பள்ளிக்கு மீட்டுக் கேட்பது முறையேயாம். பொருள் வாங்குவோர் செலுத்தும் பெறுமதி சேர் வரி 2024 தை மாதந் தொடக்கம் 18 சதவீதமாக உள்ளது. அத்தாய் சவர்க்காரம் வாங்கும்போதே அரசின் திறைசேரிக்குத் தம் பங்கைச் செலுத்திவிடுகின்றார் என்பதையும் மறத்தலாகாது.

எனினும், இம்முறையிற் பெரியதோர் ஆபத்தும் உண்டு. பள்ளியின் பணம் முழுவதும் ஊரின் ஆதனத்தையே சார்ந்திருப்பின், செல்வர் ஊரிற் செல்வப் பள்ளியும் வறியர் ஊரில் வறிய பள்ளியுமே உண்டாகும். கலிபோர்னியாவிலே 1971ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட செரானோ வழக்கு இதற்குச் சான்றாம். 1968-69இல், செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் ஒரு மாணவனுக்கு 1,232 டொலர் செலவிட்டது. போல்ட்வின் பார்க் 577 டொலரே செலவிட்டது. ஆனால், வரி வீதமோ பின்னதிலேயே இருமடங்குக்கு மேற்பட்டிருந்தது. மிகுதியாகக் கொடுத்தவர் குறைவாகப் பெற்றனர். இஃது ஒவ்வாதென அம்மாநில உயர்நீதிமன்றங் கண்டது.

ஆதலின், ஆசிரியர் சம்பளம் முதலிய பெருஞ் செலவுகளை நாடு முழுவதற்கும் பொதுவான திறைசேரியே தாங்கல் வேண்டும். அன்றேல், விலைபெறும் ஆதனம் ஏதுமற்ற தோட்ட லயன்களில் வாழும் மலையகப் பிள்ளைகளின் நிலை என்னாகும்? ஆனால், கூரை, மலசலகூடம், குடிநீர், நூலகம் ஆகிய நான்கிற்கும் மாநகர வரியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்குதல் இயலாததன்று. ஆண்டுப் பெறுமதி 120,000 ரூபாவான வீட்டுக்கு நூற்றுக்கொரு வீதம் கல்வி வரி விதிப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 1,200 ரூபா, மாதத்துக்கு 100 ரூபாவே ஆகும். வாடகை மிகுந்த மாடிக்கு அதற்கேற்ப வரியும் மிகும்.

கறுவாத்தோட்டமும் கொட்டாஞ்சேனையும் ஒரே மாநகரசபையின் எல்லைக்குள் இருப்பது நமக்கு வாய்த்த நற்பேறு. தெருவுக்கொரு பையாகப் பிரிக்காது, நகர் முழுவதற்கும் ஒரு பையாகத் திரட்டி, மாணவர் தொகைக்கும் பள்ளியின் குறைக்கும் ஏற்பப் பகிர்ந்தால் அமெரிக்கர் கண்ட தீங்கு இங்கே நேராது. இதற்குச் சட்டத் திருத்தம் வேண்டும்; வீட்டுக்காரர் வரியை வாடகையில் ஏற்றி வறியவர் தலையிற் சுமத்தாதபடி காவலும் வேண்டும்; எப்பள்ளிக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டதென்ற கணக்கு ஆண்டுதோறும் பள்ளிச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். தான் கொடுத்த பணம் எந்த ஓடாக மாறிற்று என்பதைக் கண்ணாரக் காண்பவன் வரியை வெறுக்கமாட்டான்.

அக்கூரை ஈற்றிலே பெற்றோரின் பணத்தாலேயே திருத்தப்பட்டது. அத்தாயும் தம் மூன்று பங்கையும் மூன்று தவணையிற் செலுத்தி முடித்தார். அவர் எழுப்பிய வினாவுக்கு யான் இன்று கூறும் விடை இது: எதிர்மாடியின் சொந்தக்காரரும் தரத்தான் வேண்டும், அவரிடம் கேட்கும் பொறுப்பை ஓர் ஏழைத் தாயிடம் விட்டுவிடாது ஊரே ஏற்றல் வேண்டும்.