மலைமீது ஓர் எண்ணூர்!

"மூச்சு வாங்கப் போகிறோம்!"

திருவொற்றியூர்த் தேரடியிலே வேனில் ஏறும்போது நாம் சொன்ன சொல் இது. வழியனுப்ப வந்த தாய்மார்கள் சிரித்தனர். "மூச்சு வாங்குறது இங்கியே தினமும் நடக்குதே, அதுக்கா ஐந்நூறு கிலோமீட்டர் போறீங்க?" என்று கேட்டார் ஒரு பாட்டி. வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பேச்சு, போகும் வழியெல்லாம் ஒன்பதாவது ஆளாக நம்மோடு வண்டியிலே உட்கார்ந்து வந்தது.

எட்டுப் பேர் நாம். காசிமேட்டு விசைப்படகில் தொழில் செய்யும் இராயபுரத்து அண்ணன் ஒருவர். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டுநர் ஒருவர். மோட்டார் ஆலையின் வார்ப்படப் பிரிவில் வேகிறவர்கள் இருவர். அனல்மின் நிலையத்துச் சாம்பலோடு பன்னிரண்டு ஆண்டுகளாக மல்லுக்கட்டும் ஒப்பந்தத் தோழர் ஒருவர். இவர்களுக்கெல்லாம் கடனுக்குத் தேநீர் கொடுக்கும் கடைக்காரர் ஒருவர். மீதி இருவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் கணக்கு எழுதுகிறவர், இன்னொருவர் இதை எழுதுகிறவர். மாதம் ஆளுக்கு 500 ரூபாய் வீதம் பத்து மாதம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் 40,000. அதிலே வேன் பிடித்தோம். போக வேண்டிய இடம் கொடைக்கானல்.

உழைப்பவனுக்கு உல்லாசப் பயணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சேதி. 1870 முதல், வெயில் ஏறியதும் சென்னை மாகாணத் துரைத்தனமே உதகைக்கு ஏறிவிடும். கவர்னர் ஏறுவார், கோப்புகள் ஏறும், குமாஸ்தாக்களும் ஏறுவார்கள். அதே 1870-களில்தான் சென்னைத் துறைமுகம் கட்டும் வேலையும் தொடங்கியது. அங்கே கொளுத்தும் வெயிலில் கல் சுமந்தவனை எந்த மலைக்கும் எவரும் அழைக்கவில்லை. அவன் கொள்ளுப்பேரன் நூற்றைம்பது ஆண்டு கழித்துச் சீட்டுப் பணத்திலே இரண்டு நாள் ஏறினால், அது உல்லாசமா, பாக்கி வசூலா?

இரவு ஷிப்டு முடிந்து புறப்பட்டோம். மணலி நெடி மாதவரம் வரை வழியனுப்பியது. செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி எல்லாம் தூக்கத்திலே போயின. விடியும்போது திண்டுக்கல். வத்தலக்குண்டில் தேநீர் குடித்தோம். நம் தேநீர்க்கடைத் தோழர் வாயில் வைத்துவிட்டு, "பால் பரவால்ல, தூள் மட்டம்" என்று தீர்ப்பளித்தார்.

அதன்பிறகு மலை. டிரெய்லர் தோழர், வேன் ஓட்டுநரின் பக்கத்து இருக்கைக்கு மாறிக்கொண்டார். நாற்பதடி வண்டியை ஜீரோ கேட் நெரிசலிலே திருப்புகிறவருக்கு மலைச்சாலை என்றதும் மரியாதை வந்துவிட்டது. "ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி வழிவுடணும் தம்பி. எறங்கும்போது பிரேக்கை நம்பாதே, கியரை நம்பு" என்றார் ஓட்டுநரிடம். அந்தப் பையனுக்கு அது தெரியாததல்ல. இருந்தாலும் "சரிண்ணே" என்றான். தொழிலாளிக்குத் தொழிலாளி கொடுத்த மரியாதை அது.

இந்தச் சாலைக்கு லா என்ற வெள்ளை ராணுவ அதிகாரியின் பெயர் வைத்திருக்கிறார்கள். பாறையை உடைத்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. சாலை வருவதற்கு முன்னே துரைமார்களும் துரைசானிகளும் மலையடிவாரத்திலிருந்து நாற்காலியில் அமர்ந்து மேலே போனார்கள். நாற்காலிக்குக் கால் நான்கு. அதைத் தூக்கியவர்களின் கால்களை எவரும் எண்ணவில்லை. 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். அவற்றின் செங்கல்லும் சுண்ணாம்பும் தாமாகவா நடந்து வந்தன?

சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையாய் நின்றன. "ஜீரோ கேட்டை இங்கயும் கொண்டாந்துட்டாங்கய்யா!" என்றார் டிரெய்லர் தோழர். 2024 மே 7 முதல், உயர்நீதிமன்ற உத்தரவின்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வாரநாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். மலை தாங்காது என்பது காரணம். நியாயமான காரணம்தான். பிளாஸ்டிக் போத்தலும் மேலே போகக்கூடாது. வார்ப்படத் தோழர் ஒருவரின் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துவிட்டார்கள். அவரும் மறுபேச்சின்றிக் கொடுத்தார். இந்தப் போத்தலை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

வெள்ளி நீர்வீழ்ச்சியிலே முகம் கழுவினோம். அந்த நீர் ஏரியிலிருந்து வழிந்து வருவது. ஏரியோ 1863-இல் மதுரைக் கலெக்டராயிருந்த லெவிஞ்சு உருவாக்கியது. ஏரியைச் சுற்றி நடந்தோம், தூண்பாறையைப் பார்த்தோம், மக்காச்சோளம் தின்றோம். பனி வந்து பாறையை மூடியதும் படகு அண்ணன் மட்டும் கவலைப்பட்டார். மூடுபனி என்றால் கடலிலே ஆபத்து, பழக்கம் விடவில்லை! மேலே சூரியனை ஆராயும் வானாய்வகம் இருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இலேயே அமைந்த வானாய்வகம் 1899-இல் இந்த மலைக்கு மாறியது. வானம் பார்ப்பவருக்குத் தெளிந்த காற்று வேண்டும் என்பது அன்றே துரைத்தனத்துக்குத் தெரிந்திருக்கிறது. கரி பார்ப்பவனுக்கும் அது வேண்டும் என்பதற்குத்தான் இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குணா குகைக்கும் போனோம். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவே. 2006-இல் கொச்சிக்குப் பக்கத்து மஞ்ஞும்மலிலிருந்து நம்மைப்போலவே கூட்டாளிகளாக வண்டி கட்டி வந்தவர்களில் ஒருவன் இந்தப் பாறை இடுக்கிலே விழுந்தான். விழுந்தவன் பிழைக்கமாட்டான் என்றே ஊர் சொன்னது. கூட்டாளி ஒருவன் இடுப்பிலே கயிறு கட்டிக்கொண்டு இறங்கி, அவனை உயிரோடு கொண்டுவந்தான். அதைத்தான் 2024-இல் படமாக எடுத்தார்கள், நாடே பார்த்தது. படகு அண்ணன் வேலியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். "கயிறு இருந்துது, இறங்க ஆளும் இருந்துது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை. சாம்பல் தோழர்தான் கேட்டார், "இங்க ஏதோ தர்மாமீட்டர் கம்பெனி இருந்துதாமே, அது எங்க?" என்று. சுற்றுலாக்காரர்களுக்குக் கொடுக்கும் பட்டியலிலே அந்த இடம் இல்லை. செயிண்ட் மேரிஸ் சாலை வழியாக நடந்தோம். ஒரு பக்கம் பாம்பார் சோலைக்காடு. காட்டை ஒட்டி, பூட்டிய கதவு.

காய்ச்சல் பார்க்கும் கருவி செய்த ஆலை அது. அமெரிக்காவிலே, நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரங்களைக் கழற்றி, 1980-களின் முற்பகுதியில் இந்த மலையிலே கொண்டுவந்து பூட்டினார்கள். 1987-இல் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் வெளியிலிருந்து வரும். கருவியாகி வெளிநாட்டுக்கே போகும். சீமைக்காரன் நாக்கின் அடியிலே வைத்துச் சூடு பார்ப்பான். இங்கே தங்கியது உடைந்த கண்ணாடியும், அதிலே ஒட்டிய பாதரசமும், அதைத் தொட்ட கைகளும். நெருப்பு மூட்ட வேண்டியதில்லை. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. நம் ஊர் அமோனியாவாவது மூக்கைப் பிடித்து எச்சரிக்கும். இது எச்சரிக்காத விஷம்.

2001 மார்ச்சிலே உண்மை தெருவுக்கு வந்தது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையிலே, பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் சேர்ந்து வெளிப்படுத்தினார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு 290 டன்னைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

இதைச் சொன்னதும் போத்தலைப் பறிகொடுத்த வார்ப்படத் தோழர் தாங்கவில்லை. "என் போத்தலைப் புடிச்சான் கரெக்டா! இத்தினி டன்னு மேல ஏறும்போது செக்போஸ்ட்டுல யாரும் இல்லியா?" என்றார். அது வேறு காலம், அன்றைக்கு இந்தச் சட்டங்கள் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சட்டம் பிறக்கிற வரையில் யார் உடம்பு காத்திருந்தது என்பதே கேள்வி.

ஆலைத் தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறு, நரம்புக் கோளாறு என்று தம் நோய்களைச் சொன்னார்கள். அவற்றுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்றது நிறுவனம். வழக்கு 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏறியது. பத்து ஆண்டு! 2016 மார்ச்சிலே 591 முன்னாள் தொழிலாளர்களுக்காக ஒப்பந்தம் கையெழுத்தானது. பொறுப்பை ஏற்றுக்கொண்டு கொடுத்ததல்ல, மனிதாபிமானத்தால் கொடுத்தது என்றார்கள். மண்ணைச் சுத்தம் செய்யும் சண்டை அதற்குப் பிறகும் ஓடியது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று அளவுகோல் வைத்தார்கள். காட்டோரத்து மண்ணுக்கு இந்த அளவு அதிகம் என்று எதிர்த்தார்கள், போராடியவர்கள்.

பூட்டிய கதவின் முன்னே நாம் எட்டுப் பேரும் நின்றோம். காற்று குளிர்ந்து, யூக்கலிப்டஸ் மணத்தோடு வந்தது. 2023 டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாயையும் கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் கருக்கிய மாதம் அது. படகும் வலையும் தார் பூசியதுபோல் கிடந்தன. எண்ணெய் காய்வதற்குள், 26-ஆம் தேதி இரவு, உர ஆலைக்குக் கடலடியிலே அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டிலே ஓடினார்கள். அந்தப் பிள்ளைகளைத் தூக்கித் தன் ஆட்டோவில் போட்டவர்களில் ஒருவர் நம் தேநீர்க்கடைத் தோழரின் தம்பி.

"நல்ல காத்து இருக்கிற எடத்துக்கு வந்தோம்னு நெனச்சேன். கம்பெனி நமக்கு முன்னாடியே வந்து போயிருக்கு" என்றார் சாம்பல் தோழர்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் நம்மை இதை எழுதவைத்தது. "அவங்க நோயை எப்டி நிரூபிச்சாங்க? நமக்கு இருமல் வந்தா, பீடின்னு சொல்லிடுவானே!"

போபாலில் 1984-இல் பிணங்கள் குவிந்த பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயமான தொழிலில் இருப்போரின் உடல்நலப் பதிவேட்டை ஆலை வைத்திருக்க வேண்டும். தொழிலாளி அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று எழுதினார்கள். இதைச் சொன்னோம். பன்னிரண்டு ஆண்டில் தம் பதிவேட்டை ஒருமுறையும் கண்டதில்லை என்றார் அவர். ஒப்பந்ததாரர் மூன்று முறை மாறியிருக்கிறார். எந்தக் காண்டிராக்டர் காலத்து இருமல் எந்தப் புத்தகத்திலே இருக்கும்? வார்ப்படத் தோழர்கள் இருவரும் தங்களுக்கு ஆண்டுக்கொருமுறை நெஞ்சுப் படம் எடுக்கிறார்கள் என்றனர். அந்தப் படம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டோம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கணக்கு எழுதும் தோழர் சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கணக்கு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கத்திலே எட்டுப் பேர் பெயரையும் எழுதினார். எதிரே தொழில், சேர்ந்த ஆண்டு, என்ன தொந்தரவு என்று மூன்று பத்தி கோடு போட்டார். தேநீர்க்கடைத் தோழர், "அடுப்புப் புகையும் சேத்துக்கோ" என்றார். சேர்த்துக்கொண்டார்.

திரும்பும்போது மலையிலே கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டோம். வத்தலக்குண்டு வந்தும், திருச்சி தாண்டியும் ஏற்றவில்லை. சாம்பல் தோழர் தலையைச் சன்னலிலே சாய்த்து உறங்கினார். இருமல் வந்ததா என்று கணக்குத் தோழர் காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். உளுந்தூர்ப்பேட்டை வரை நாலு முறை என்று குறித்துக்கொண்டார்.

மாதவரம் தாண்டி மணலிப் பக்கம் வண்டி திரும்பியது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எட்டுக் கைகள் நீண்டன. கண்ணாடிகள் ஒவ்வொன்றாய் மேலே ஏறின. காலை ஐந்தரை மணி. ஆறு மணி ஷிப்டுக்கு வார்ப்படத் தோழர்கள் இருவரும் ஆலை வாசலிலேயே இறங்கிக்கொண்டனர்.