கூரையில்லாத பேரவை

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சுமார் 45 கி.மீ. தொலைவில் உள்ளது திங்வெல்லிர். 'பேரவைச் சமவெளி' என்று பொருள். பெரும்பாலும் நார்வேயிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய நோர்ஸ் மக்கள், ஏறத்தாழ கி.பி. 930-இல் 'அல்திங்' என்னும் நாட்டுப் பேரவையை இங்குதான் நிறுவினர். அவர்களுக்கு அரசன் இல்லை, படையும் இல்லை. ஆண்டுதோறும் கோடையில் திறந்த வெளியில் கூடிய அந்த அவையே நாட்டை ஒன்றாக வைத்திருந்தது.

உலகின் மிகப் பழைய நாடாளுமன்றங்களுள் ஒன்று என இதைப் போற்றுவர். அந்தப் பெருமையைவிட, அது இயங்கிய விதமே என்னை ஈர்க்கிறது. சட்டம் எழுத்தில் இல்லை. மூன்றாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 'சட்ட உரைப்பாளர்', ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம், சட்டம் முழுவதையும் பலரறிய நினைவிலிருந்து ஓத வேண்டும். சட்டங்கள் ஏட்டில் ஏறத் தொடங்கியது 1117-18 குளிர்காலத்தில்தான்.

ஏறத்தாழ கி.பி. 1000-இல் பழைய சமயத்தவரும் கிறிஸ்தவர்களும் தனித்தனிச் சட்டத்தின்கீழ் பிரியும் நிலை வந்தது. முடிவு, சட்ட உரைப்பாளர் தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவர் பழைய சமயத்தவர். ஒரு பகலும் இரவும் போர்வைக்குள் படுத்துச் சிந்தித்த பின், நாட்டுக்குச் சட்டமும் சமயமும் ஒன்றாகவே இருக்க வேண்டும், எல்லோரும் ஞானஸ்நானம் பெற வேண்டும் என்று அறிவித்தார். குதிரை இறைச்சி உண்பது போன்ற சில பழைய வழக்கங்களுக்கு மட்டும் விலக்கு. தம் தரப்புக்கு எதிராகவே தீர்ப்பளித்த அவரை வியக்கிறேன். சமயத்தை அவை தீர்மானித்ததை என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த அமைப்பைப் பொற்காலமாகக் காண்போரும் உண்டு. ஆனால், சட்டமியற்றும் அதிகாரம் வட்டாரத் தலைவர்களிடமே இருந்தது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை. அதைவிடப் பெரிய குறை, தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரி எவரும் இல்லாதது. வழக்கில் வென்றவரே அதை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். எளியவர் வென்றாலும், ஆள்பலமுள்ள தலைவரின் துணையின்றி அந்தத் தீர்ப்பால் பயனில்லை. இதனால் வலியவர் மேலும் வலிமை பெற்றனர். 13-ஆம் நூற்றாண்டில் அதிகாரம் சில குடும்பங்களிடம் குவிந்து உள்நாட்டுப் போர் மூண்டது. 1262-64-இல் ஐஸ்லாந்து மக்கள் நார்வே மன்னரின் ஆட்சியை ஏற்றனர்.

பின்னர் அவை பெரும்பாலும் நீதிமன்றமாகச் சுருங்கியது. 1798-இல் அங்கு கடைசியாகக் கூடியது, 1800-இல் கலைக்கப்பட்டது. 1845-இல் மீண்டும் கூடியபோது இடம் ரெய்க்யவிக்குக்கு மாறியிருந்தது. ஆயினும், 1944 ஜூன் 17 அன்று, தலைநகரில் கற்கட்டடம் இருந்தும், கொட்டும் மழையில் திங்வெல்லிர் சென்றுதான் ஐஸ்லாந்து தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டது.