சொல்லும் சுரமும்

நாம் பேசும்போது இரண்டு செய்திகள் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஒன்று, சொல் தரும் பொருள். மற்றொன்று, குரலின் ஏற்றத்தாழ்வு தரும் குறிப்பு. "வந்துவிட்டாய்" என்பதை மகிழ்ச்சியாகவும் சொல்லலாம், ஏளனமாகவும் சொல்லலாம். சொற்பொருள் மாறுவதில்லை.

எல்லா மொழிகளுக்கும் இச்சுதந்திரம் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சென்று வாழ்ந்த நாடு வியட்நாம். அந்நாட்டு மொழியில் 'மா' என்னும் ஓரசைச் சொல், சுரத்திற்கேற்பப் பேய், தாய், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று பொருள் தரும். வடபகுதியில் சுரங்கள் ஆறு, தென்பகுதியில் ஐந்து.

அங்ஙனமாயின் அம்மக்கள் வினவுவது எப்படி? குரலை விரும்பியவாறு ஏற்றினால் நாற்று தாயாகிவிடுமே! ஆகவே, சொற்களின் சுரவடிவைப் பெரும்பாலும் காத்துக்கொண்டு, வாக்கியம் முழுவதையும் சற்று உயர்த்தியோ விரைவாகவோ பேசுகின்றனர். வினாவையும் பணிவையும் காட்ட இறுதியில் இடைச்சொற்களையும் சேர்க்கின்றனர். அவற்றுள் ஒரு வினாச்சொல் நம்முடையதைப் போன்றே 'ஆ' என்பது, ஒப்புமை தற்செயலே. அதன் சுரமோ தாழ்ந்தது. வினா தாழ்ந்து முடிகிறது!

தமிழில் சுரம் தனிச்சொல்லின் பொருளை மாற்றாது. ஆயினும் இசையின் பயனை நம் முன்னோர் நன்கறிவர். எழுத்து ஒன்றாயிருந்து பொருள் வேறுபடும் தொடர்கள் ஒலிக்கும் இசையால் பிரிந்து விளங்கும் என்கிறது தொல்காப்பியம். 'செம்பொன்பதின்றொடி' என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. பிரித்து ஒலிப்பதற்கேற்ப அது செம்பொன் பத்துத் தொடியாகும். அல்லது செம்பு ஒன்பது தொடியாகும். தொடி என்பது பழைய நிறையளவு.

இதில் நம் இல்லங்களுக்கு ஒரு பாடம் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் வளரும் நம் குழந்தைகளின் தமிழில் மலையாளத்தின் இராகம் படிவது இயல்பே. ஊருக்குச் சென்றால் உறவினர் அதைக் கேட்டு நகைக்கின்றனர். குழந்தை நாணித் தமிழில் பேசுவதையே நிறுத்திவிடுகிறது. வியட்நாமியக் குழந்தைக்குச் சுரம் தவறினால் சொல்லே தவறும். நம் குழந்தையின் இராகம் மாறினால் ஒரு சொல்லும் கெடுவதில்லை.

திருத்த வேண்டியது வேறொன்று உண்டு. மலையாளத்தில் 'வந்நோ?' என்பது நேரான வினா. இன்றைய தமிழில் 'வந்தாரோ' என்றால் ஐயம் தொனிக்கும். பெரியவரிடம் "சாப்பிட்டீர்களோ?" என்று கேட்டால் அவர் மனம் சுருங்கவும் கூடும். "சாப்பிட்டீர்களா?" என்று அன்போடு சொல்லிக்கொடுங்கள். இராகத்தை அதன் போக்கில் விடுங்கள். பேசுகின்ற குழந்தையிடந்தான் தமிழ் தங்கும்.