டி டிரைவில் போட்ட புரோகிராம் உண்மையில் எங்கே இருக்கிறது?

ஆய்வு மாணவர்களின் லேப்டாப்களில் அடிக்கடி பார்க்கிற அமைப்பு இது: விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் 128 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே டி டிரைவாக 1 டிபி ஹார்ட் டிஸ்க். கொஞ்ச நாளில் சி நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டும். உடனே எல்லாரும் எடுக்கிற முடிவு, இனிமே எதை இன்ஸ்டால் பண்ணினாலும் டி-யில் போடுவோம் என்பதுதான். அதோடு ஒரு நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். விண்டோஸ் கெட்டுப்போய் சி-யை அழித்துத் திரும்பப் போட்டாலும், டி-யில் இருக்கிற புரோகிராம்கள் அப்படியே ஓடும் என்று.

முடிவு ஓரளவுக்குச் சரி. நம்பிக்கை பெரும்பாலும் தப்பு. ஆய்வேடு சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருக்கும்போது இது தெரியவந்தால் ரொம்பச் சிரமம்.

விண்டோஸில் ஒரு புரோகிராம் ஒரே ஃபோல்டருக்குள் குடியிருப்பதில்லை. இன்ஸ்டால் பண்ணும்போது ‘எங்கே போடட்டும்?’ என்று கேட்கிறதே, அது முக்கியமாக இயங்கும் ஃபைல்களுக்கான இடத்தைத்தான் கேட்கிறது. இது தவிர ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவு விழும்: புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த வெர்ஷன், எப்படி நீக்குவது, எந்த வகை ஃபைலை அது திறக்கும் என்றெல்லாம். அந்த ரெஜிஸ்ட்ரி இருப்பது சி-யில். அப்புறம் நீங்கள் செய்த அமைப்புகளும் தற்காலிகச் சேமிப்பும் உங்கள் யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குப் போகும். எல்லா யூசருக்கும் பொதுவானவை புரோகிராம்டேட்டாவுக்கு. அந்த இரண்டும் சி-யில்தான். ஆக, சி-யை அழித்தால் டி-யில் ஃபைல்கள் மிஞ்சும், விண்டோஸுக்கு மட்டும் அவற்றை அடையாளம் தெரியாது. டபுள் கிளிக் பண்ணினால் சில ஓடும், பல ஓடாது. திரும்ப இன்ஸ்டால் பண்ணத்தான் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. எம்எஸ்ஐ வகை இன்ஸ்டாலர்களின் நகல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்ற மறைந்த ஃபோல்டரில் சேமிக்கப்படும். சில கணினிகளில் அது பல ஜிபி பிடிக்கும். இடம் கிடைக்குதே என்று அதை அழித்தவர்கள் பிறகு அந்த புரோகிராம்களை அப்டேட் செய்யவும் முடியாமல் நீக்கவும் முடியாமல் திண்டாடுவார்கள்.

இன்ஸ்டால் செய்வது ஒருநாள் வேலை. அப்டேட் வருஷம் பூராவும் வரும். அதனால் ஒரு புரோகிராமை டி-யில் போடலாமா என்று கேட்பதைவிட, அது தன்னை எப்படிப் புதுப்பித்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். ஒழுங்கான அப்டேட்டர் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து, பழைய வெர்ஷன் இருக்கும் இடத்திலேயே புதியதைப் போடும். குரோம் முதலிலிருந்தே இடத்தைக் கேட்பதில்லை. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸின் இன்றைய இன்ஸ்டாலரும் அப்படித்தான், சி-யில்தான் உட்காரும். இவற்றோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

டி-யில் இருக்கிற புரோகிராமை அப்டேட் செய்யவும் சி-யில் காலியிடம் வேண்டும். இன்ஸ்டாலர் தன் மூட்டையைப் பிரித்து வைப்பது வழக்கமாக சி-யில் இருக்கும் டெம்ப் ஃபோல்டரில். சி-யில் 300 எம்பி மட்டும் விட்டுவைத்துக்கொண்டு, ‘டி-யில் 700 ஜிபி காலியா இருக்கே, ஏன் அப்டேட் ஆகலை?’ என்று கேட்பதற்கு இதுதான் பதில். டி என்பது யுஎஸ்பியில் செருகும் டிஸ்க் என்றால் இன்னொரு தொல்லை உண்டு. வேறு ஏதாவது டிரைவ் முன்னால் செருகப்பட்டிருந்தால் எழுத்து மாறிவிடலாம். பதிவில் டி என்று இருக்கும், டிஸ்க் இ ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அதற்கு ஒரு எழுத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள். அகரவரிசையில் பின்னால் இருக்கும் எழுத்தாக இருந்தால் நல்லது.

ஏற்கெனவே சி-யில் இருப்பதை கட் செய்து டி-யில் பேஸ்ட் செய்வது வேண்டாம். ஷார்ட்கட் உடையும், அப்டேட்டர் பழைய இடத்தில் தேடும். ரெஜிஸ்ட்ரியில் புரோகிராம் ஃபைல்ஸின் இடத்தையே டி-க்கு மாற்றச் சொல்லும் குறிப்புகளையும் நம்பாதீர்கள், மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. நீக்கிவிட்டு மறுபடி டி-யில் இன்ஸ்டால் செய்வதே சுத்தமான வழி.

நம் வேலைக்கு வேண்டியவற்றில் டி-க்கு மிகப் பொருத்தமானது டெக் லைவ். முழுதாகப் போட்டால் பல ஜிபி வரும், ஆனால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் அடங்கும். விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் பாத் அமைப்பில் அதன் பின் ஃபோல்டரைச் சேர்த்தால் போதும், வேலை செய்யும். வருஷத்துக்கு ஒரு வெர்ஷன், ஒவ்வொன்றும் அந்த வருஷத்தின் பெயரில் தனி ஃபோல்டர். புதியது ஓடுகிறது என்று உறுதியானதும் பழையதை நீக்கிக்கொள்ளலாம்.

ஆர் மொழி கொஞ்சம் ஏமாற்றும். ஆரை டி-யில் போட்டாலும், நீங்கள் இறக்கும் பேக்கேஜ்கள் 4.2 வெர்ஷனிலிருந்து ஆப்டேட்டாவுக்குள்தான் போகின்றன. உண்மையில் இடம் பிடிப்பவை அவைதான். ‘ஆர் லிப்ஸ் யூசர்’ என்ற சூழல் மாறியில் டி-யில் உள்ள ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அங்கே போகும். 4.3-லிருந்து 4.4 என்று மாறும்போது பேக்கேஜ்களைப் புதிதாக இறக்க வேண்டிவரும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். ஆய்வேட்டின் கடைசி மாதத்தில் ஆரை அப்டேட் செய்யவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஜோட்டெரோவில் புரோகிராம் சின்னது, அது சி-யிலேயே இருக்கட்டும். நீங்கள் வருஷக்கணக்கில் சேர்த்த கட்டுரைகளும் குறிப்புகளும் இருக்கும் தரவு ஃபோல்டரைத்தான் நகர்த்த வேண்டும். அமைப்புகளில், மேம்பட்டவை பகுதியில் இடத்தை மாற்றலாம். விண்டோஸ் போனாலும் ஜோட்டெரோவைத் திரும்ப இன்ஸ்டால் செய்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் எல்லாம் வந்துவிடும். அதை ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றுக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் கெட்டுப்போகும்.

ஆன்டிவைரஸ், பின்னணியில் ஓடும் சர்வீஸ்கள் இரண்டும் சி-யை விட்டு நகரக் கூடாது. இதற்குக் காரணம் இடம் இல்லை, அனுமதி. புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரண யூசரால் எழுத முடியாது. டி-யின் மேல்மட்டத்தில் புதிதாக உருவாக்கும் ஃபோல்டரில் வழக்கமாக எந்த யூசரும் எழுதலாம். முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு ஃபைலை அங்கே வைத்தால், வேறு யாரோ அதை மாற்றிவைக்க வழி கிடைத்துவிடும். ஆய்வகத்தில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால் இதில் இன்னும் கவனம் வேண்டும்.

இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு வேலை: விண்டோஸ் 11-லும் புதிய 10-லும் விங்கெட் என்ற கட்டளை இருக்கிறது. அதன் எக்ஸ்போர்ட் வசதி, தனக்குத் தெரிந்த புரோகிராம்களைப் பட்டியலாக ஒரு ஃபைலில் எழுதிக்கொடுக்கும். அந்த ஃபைலை டி-யில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். சி போய்விட்டால் இம்போர்ட் கொடுத்துப் பட்டியலில் உள்ளவற்றை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். பட்டியலில் வராதவற்றைப் பெயரோடும் வெர்ஷனோடும் கையால் எழுதிவைக்கணும்.