கோழிக்கும் பென்ஷன் உண்டு!

முட்டையிடும் வரையில் தீனி, முட்டை குறைந்தால் கத்தி என்பதே கோழி ஜாதிக்கு உலகமெங்கும் விதிக்கப்பட்டிருக்கும் தர்மம். இங்கிலாந்து தேசத்தில் பல குடும்பங்கள் இந்தத் தர்மத்தை மீறிக்கொண்டு வருகின்றன. முட்டைத் தொழிற்சாலையிலிருந்து தள்ளப்பட்ட கிழக் கோழிகளை அவர்கள் சுவீகாரம் எடுத்துத் தங்கள் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பிள்ளையைச் சுவீகாரம் எடுப்பது தெரியும், கோழியைக்கூடவா என்று நேயர்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கோழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டபின் சிரிப்பு அவ்வளவு சுலபமாக வராது.

கிழக் கோழி என்றேனே, அதன் வயது சுமார் 72 வாரந்தான். அப்போதும் அது முட்டையிடத்தான் செய்கிறது. எண்ணிக்கை சற்றுக் குறைகிறது, ஓடு மெலிகிறது, முதலாளியின் கணக்குக்குக் கட்டிவரவில்லை. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டையோடு நிறுத்திக்கொள்கிறது. அதன் வம்சத்தில் வந்த இந்தக் கோழியோ சுமார் 300 முட்டையிடுகிறது. அத்தனை ஓட்டுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே போகிறது. ஆகையால் இவற்றைத் தூக்கும்போது பூவைத் தூக்குவதுபோல் தூக்க வேண்டும்.

அது குடியிருந்த வீட்டையும் அளந்து பார்ப்போம். ஐரோப்பாவில் 2012 ஜனவரி முதல் தேதி வெறும் கம்பிக் கூண்டுகள் சட்டப்படி ஒழிந்தன. பழைய கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். புதிய கூண்டில் உட்காரக் கொம்பும் முட்டையிட மறைவிடமும் உண்டு. இடம் 750 சதுர சென்டிமீட்டர். கச்சேரிகளில் உபயோகிக்கும் ஏ-4 தாள் ஒன்றை வைத்து, அதன் பக்கத்தில் நம் தபால் கார்டு ஒன்றையும் வையுங்கள். கோழிக்குக் கிடைத்த சீர்திருத்தம் ஏறக்குறைய அவ்வளவுதான். நம் நாமக்கல் பிரதேசத்துக் கூண்டுக் கோழிகளுக்கு அந்தத் தபால் கார்டும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நியாயம்.

இந்தச் சீமைக் கோழியின் மஞ்சள் காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மஞ்சள் நிறத்துக்குக் காரணமான அம்சம், தென்னிந்தியக் காடுகளில் வசிக்கும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். ஆகவே, டெவன்ஷயர் தோட்டத்துக் கோழி நமக்குத் தூரத்து உறவு!

அந்த டெவன்ஷயரில்தான் 2005-ல் ஸ்ரீமதி ஜேன் ஹோவொர்த் கோழிகளை மீட்பதற்கென்று ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். முட்டைப் பண்ணைக்காரர்களோடு சண்டை போடாமல், அவர்கள் சம்மதத்துடனேயே கோழிகளை வாங்கி வருவது இவர்கள் வழக்கம். குறித்த நாளில் குடும்பங்கள் அட்டைப்பெட்டியுடன் வந்து, இயன்ற நன்கொடை கொடுத்து, தங்கள் கோழிகளை அழைத்துப் போகின்றன.

வீடு வந்த பிறகுதான் சிரமம். குழந்தைகளுக்கு ஒரே ஆவல். பெட்டியைத் திறந்து கோழியைப் புல்தரையில் ஓடவிட வேண்டும் என்பார்கள். கூடவே கூடாது. மண்ணை மிதித்தறியாத கால் அது. நகம் நீண்டு வளைந்திருக்கும். உடம்பில் பாதி இறகு இராது. கொண்டை வெளுத்துத் துவண்டு கிடக்கும். முதல் சில நாட்களுக்கு வைக்கோல் பரப்பிய கொட்டிலும் அதையொட்டிய சிறிய முற்றமுமே போதும். கொட்டிலுக்கு ஏறும் பலகை தாழ்வாக இருக்க வேண்டும். தீனியும் பழைய தூள் தீனியாகவே இருக்கட்டும். பரிதாபப்பட்டுச் சமையலறையிலிருந்து ஒரு பிடி சோறு கொண்டுவந்து போட்டால், தொற்று நோய்ப் பயத்தினால் அந்த நாட்டில் அது சட்ட விரோதம்! இறகில்லாத கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்ட புண்ணியவதிகளும் உண்டு. சட்டை போட்டால் கோழி தன் இறகைக் கோதிக்கொள்ள முடியாது, புதிய இறகும் சரியாக முளைக்காது என்று அநுபவசாலிகள் அதைத் தடுக்கிறார்கள். படங்களில் அழகாயிருந்ததென்னவோ உண்மைதான்.

வீட்டில் முன்பே கோழிகள் இருந்தால் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். வந்தவை நோய் கொண்டுவரலாம். அது இல்லாவிட்டாலும் கோழிகளுக்குள் பதவி வரிசை என்று ஒன்று இருக்கிறது. யார் யாரைக் கொத்தலாம், யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பது அங்கே திட்டமான ஏற்பாடு. சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து வந்த நார்வே தேசத்து ஷெல்டெரூப்-எப்பே என்பவர் 1922-ல் இதை விவரமாக எழுதி வெளியிட்டார். இறகு உதிர்ந்து சிவந்த தோலுடன் நிற்கும் புதியவளைக் கண்டால் பழைய கோழிகளுக்குக் கொத்தத்தான் தோன்றும். இரத்தம் கண்டுவிட்டால் நிறுத்தவே மாட்டா, உயிருக்கே ஆபத்து. எனவே நடுவில் கம்பி வலை கட்டி, இரண்டு மூன்று வாரம் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்ள மட்டும் விடுகிறார்கள். பிறகு வலையை எடுக்கும்போது தீனித் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் விரட்டப்பட்ட கோழி இன்னோரிடத்தில் பசியாறும். சில்லறைக் கொத்தல்களுக்கு எஜமானர் நடுவே புகாமலிருப்பதே மேல்.

இத்தனை செய்தும் முதல் வாரத்திலேயே இறந்துபோகும் கோழிகளும் உண்டு. ஓயாமல் முட்டையிட்டதனால் வயிற்றில் கோளாறு கண்டு சில மாதங்களில் சாகிறவை அதிகம். சில இரண்டு மூன்று வருஷம் இருக்கின்றன.

மிஞ்சியவை ஒவ்வொரு வித்தையாகக் கற்றுக்கொள்கின்றன. மண்ணைக் கிளறும் வித்தையை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சிறிது நாளில் புழுதியில் புரண்டு குளிக்கின்றன, கொண்டை சிவக்கிறது. கடைசியில் பிடிபடுவது அஸ்தமனந்தான். மின்சார விளக்கு ஏற்றி அணைத்த கொட்டகையில் வளர்ந்த கோழிக்கு, இருட்டுமுன் அடைய வேண்டும் என்பது தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் முற்றத்தில் அப்படியே நின்றுவிடும். வேலிக்கு வெளியே நரி காத்திருக்கும். வீட்டார் ஒவ்வொன்றாய் எடுத்துக் கொட்டிலுக்குள் வைக்க வேண்டும்; மறுநாளும் அப்படியே; அடுத்த நாளும் அப்படியே. பிறகு ஒரு நாள் மாலை அவர்கள் வந்து பார்க்கும்போது முற்றம் காலியாயிருக்கிறது. கோழிகளெல்லாம் உள்ளே கொம்பில் வரிசையாய் உட்கார்ந்திருக்கின்றன. கதவைச் சாத்துவதுதான் பாக்கி.