ரேகை எங்கே போயிற்று?

2008 டிசம்பரில், உறவினரைப் பார்க்க அமெரிக்காவில் போய் இறங்கினார் சிங்கப்பூர்க்காரர் ஒருவர். வயது 62. அதிகாரிகள் விரல் ரேகையைப் பதியச் சொன்னார்கள். பதித்தார், ரேகையே விழவில்லை! நாலு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பாவம், அவர் செய்த குற்றமெல்லாம் கான்ஸருக்குக் 'கேப்ஸிடபின்' மாத்திரை சாப்பிட்டதுதான்.

மார்பகம், குடல் முதலிய இடங்களில் வரும் கான்ஸருக்கு இதைக் கொடுக்கிறார்கள். சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும்; தோல் உரியும்; நாளடைவில் ரேகைகூட அழிவதுண்டு.

பரிகாரம் இல்லையா? டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் 264 நோயாளிகளிடம் சோதித்தார்கள். மூட்டு வலிக்குத் தடவுகிறோமே, டைக்ளோஃபினாக் களிம்பு, அதைச் சிலர் கைகளில் தடவினார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத களிம்பு. வேதனை முற்றியது பின்னவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு. முன்னவர்களில் 4 பேருக்கும் குறைவே! முடிவு 2024-ல் வெளியாயிற்று. ஆனாலும், டாக்டரைக் கேட்காமல் தடவக் கூடாது.

இந்த மாத்திரை சாப்பிடும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கொதிக்கும் நீரில் கையை விடாதீர்கள். பாத்திரம் தேய்ப்பதைச் சில நாள் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்! இறுக்கமான செருப்பு வேண்டாம். முக்கியமாக, "சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ?" என்று எரிச்சலை மறைக்காதீர்கள். டாக்டர் சில நாள் நிறுத்தியோ, அளவைக் குறைத்தோ கொடுப்பார். தோல் ஆறிவிடும், சிகிச்சையும் தொடரும்.